122-0: சிரிக்க வேண்டிய ஆட்டமா அது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுத் துணுக்குகளில், 'உலக மகா தோல்வி' என்ற தலைப்பில் ஜப்பானியப் பள்ளி பேஸ்பால் ஆட்டம் ஒன்றை இரண்டே வரியில் போட்டுப் பக்கத்தில் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் வைத்திருந்தீர்கள். 122-0 என்ற கணக்கு சரிதான். பொம்மைதான் உறுத்தியது.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் அந்த நாட்டில் இருந்தவன் நான். அங்கே பள்ளி பேஸ்பால் என்றால் ஏறக்குறைய திருவிழா. ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் இரு அணியும் எதிரெதிரே வரிசையாக நின்று, தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கும். எத்தனை ரன்னில் தோற்றாலும் இதற்கு விலக்கு கிடையாது.

நீங்கள் குறிப்பிட்ட ஆட்டம் நடந்தது 1998 ஜூலை 18. கோஷியன் என்ற தேசியப் பள்ளி பேஸ்பால் போட்டிக்குப் போக அவோமோரி மாகாணத்தில் நடக்கும் தகுதி ஆட்டங்களில் ஒன்று. ஹிரோசாகி நகரத்தின் பழைய தனியார் பள்ளியான தோஓ கிஜுகு ஒரு பக்கம். கடலோரத்து ஃபுகாவுரா ஊர்ப் பள்ளி மறுபக்கம். ஃபுகாவுராவின் மொத்த அணியே 10 பேர். ஒன்பது பேர் களத்தில் இறங்கினால் மாற்றாளாக ஒரே ஒரு பையன்.

முதல் இன்னிங்ஸில் மட்டும் தோஓ கிஜுகு எடுத்தது 39 ரன். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நமக்கு 39 பெரிதாகத் தெரியாது. ஆனால் பேஸ்பாலில் ஒருவன் களத்தின் நான்கு மூலையிலும் உள்ள பேஸ்களை (தளங்களை) எல்லாம் தொட்டுச் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். ஓவர் கணக்கும் இல்லை, மணிக் கணக்கும் இல்லை. மூன்று அவுட் எடுக்கும் வரை எதிரணி மட்டையைக் கீழே வைக்காது. 39 ரன், 3 அவுட் என்றால் குறைந்தது 42 முறை ஆள் வந்து நின்றிருக்க வேண்டும். ஒன்பது பேரும் தலைக்கு நான்கு முறையாவது வந்திருக்கிறார்கள், அதுவும் ஒரே இன்னிங்ஸில்!

ஆட்டம் முழுக்கச் சேர்த்து 86 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது). அதில் 7 ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றி வருவது. அப்புறம் 78 முறை பேஸ் திருடியிருக்கிறார்கள், அதாவது பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்திருக்கிறார்கள். இந்த 78 மட்டும் எனக்கும் கொஞ்சம் நெருடல்தான். அமெரிக்காவில் இவ்வளவு முன்னிலையில் இருக்கும்போது பேஸ் திருடினால் முறைப்பார்கள். ஆனால் வேண்டுமென்றே மெதுவாக ஓடி அந்தப் பையன்களுக்குப் பிச்சை போட்டிருந்தால் அதைவிட மோசமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சிரித்தே தீர வேண்டுமென்றால் 2007 ஆகஸ்ட் 22 ஆட்டத்தைப் பார்த்துச் சிரியுங்கள். அமெரிக்காவின் பால்டிமோரில், சொந்த மைதானத்திலேயே, ஓரியோல்ஸ் என்ற தொழில்முறை அணி 3-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் 30-3 என்று தோற்றது. வெற்றியைக் கைநழுவ விடாமல் காத்த பிட்சருக்கு (பந்து எறிபவருக்கு) தரும் 'சேவ்' என்ற பெருமை, அன்று விதிப்படி டெக்சாஸின் வெஸ் லிட்டில்டனுக்குக் கிடைத்தது. அவர் பந்தை வாங்கும்போதே 14-3! அவர்கள் எல்லாம் சம்பளம் வாங்கும் வீரர்கள், தாங்கிக்கொள்வார்கள்.

ஃபுகாவுராவுக்கு வருவோம். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது 93-0. அன்றைய விதிப்படி, ரன் வித்தியாசம் எவ்வளவு பெரிதானாலும், ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தால்தான் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்த முடியும். (பிறகு மாற்றிவிட்டார்கள், இப்போது ஐந்தாவதின் முடிவில் 10 ரன் வித்தியாசம் இருந்தாலே போதும்.) ஃபுகாவுரா பயிற்சியாளர் பையன்களைக் கூட்டி, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். விட்டிருந்தால் பதிவேட்டில் 9-0 என்று மட்டுமே ஏறியிருக்கும். சாதாரணத் தோல்வி மாதிரி. உங்கள் துணுக்குக்கும் வழி இருந்திருக்காது. பையன்கள் ஆடுகிறோம் என்று சொல்லித் திரும்பக் களத்துக்குப் போனார்கள்.

அடுத்த இதழில் அந்தப் பொம்மையை எடுத்துவிட்டு இன்னிங்ஸ் வாரியாக அவர்கள் விட்டுக்கொடுத்த ரன்களின் இந்த வரிசையைப் போடுங்கள்: 39, 10, 11, 17, 16, 12, 17. கடைசி இரண்டு எண்களும் அவர்களாகவே கேட்டு வாங்கியவை.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
சேலம்.