பஃபலோவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நயாகரா பார்க்க வந்த சரசு அத்தை மகன், அப்படியே என் வீட்டுக்கும் வந்து பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனான். மோர்மிளகாய் ஒன்றுகூட நொறுங்கவில்லை. புளியும் சுக்கும் வந்து சேர்ந்தன. அதற்கடியில் நீ சொல்லச் சொல்ல அப்பா எழுதிய கடிதம். பெரியப்பா வீட்டுக் கல்யாணம், அடுப்படி ஓடு, குளத்தங்கரை வயல் எல்லாம் எழுதிவிட்டு, கடைசி நாலு வரியில் தம்பி மகன் குமரனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். அந்த நாலு வரிக்காகத்தான் இன்று எப்படியும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்ட மற்றதையும் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய்.

குளிர் இருக்கிறது. பயப்படும்படி இல்லை. இந்த ஊர் ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது. ஏரி உறைவதற்கு முன்னால் மேற்கிலிருந்து குளிர்காற்று அடித்தால், ஏரித் தண்ணீரின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டிவிடும். அதுவும் ஊர் முழுக்க ஒரே மாதிரி இல்லை. தெற்கே இடுப்பளவு கிடக்கும், வடக்கே வெயில் அடிக்கும். ஏரி உறைந்துவிட்டால் கொட்டுவது குறையும். ரொம்பக் கொட்டினால் என் சந்திப்புகளை ரத்து செய்துவிடுவார்கள். அன்றைக்கு வீட்டிலேயே இருப்பேன், ஓய்வு கிடைக்கிறது.

கீழ் வீட்டுப் பாட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். போலந்துக்காரர்கள் வம்சம், இந்த ஊரில் அவர்கள் நிறைய. எண்பது தாண்டியும் விடியுமுன் எழுந்து வாசல் பனியைத் தானே தள்ளுகிறார், நான் மண்வெட்டியைக் கேட்டால் கொடுக்க மாட்டார். என்னிடம் நேரில் அதிகம் பேச மாட்டார். ஆனால் ராத்திரி நான் வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டதும், கீழேயிருந்து ஹீட்டர் குழாயில் ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டுவார். வந்துவிட்டாயா என்று அர்த்தம். நானும் ஒரு கரண்டியை அங்கேயே வைத்திருக்கிறேன், திருப்பித் தட்டுவேன். அவர் மகன் வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் குழாய் சும்மா இருந்தது, எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

உன் மருமகனுக்கு டல்லாஸ் பக்கம் வேலை மாறியிருக்கிறது. லீவு கிடைக்கும்போது வருகிறார். நன்றாகத்தான் இருக்கிறோம்.

நான் டாக்டரா, டீச்சரா என்று அப்பா கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை உட்காரவோ, நடக்கவோ, பேசவோ தாமதமானால், பெற்றவர்களோ டாக்டரோ கவுண்டிக்கு, அதாவது நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி ஒன்றுக்கு, சொல்லலாம். இந்த நாட்டில் 1986இல் வந்த சட்டம் இது, நியூயார்க் மாநிலத்தில் 1993இலிருந்து நடக்கிறது. ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை என்று சொல்லலாம். தகவல் வந்ததும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர். அதுதான் நான். பரிசோதிக்கிறவர்களைத் தேடிப் பிடிப்பது, நாள் குறிப்பது, மொழி தெரியாத வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது, 45 நாளுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு திட்டம் எழுதுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பார்ப்பது, மூன்று வயது நெருங்கும்போது பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் ஒப்படைப்பது எல்லாம் என் பொறுப்பு. பெற்றவர்கள் கையெழுத்துப் போடாமல் ஒரு அடி நகர முடியாது. ஒரு சேவை வேண்டும், இன்னொன்று வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் கைக்காசு எதுவும் தர வேண்டியதில்லை. எனக்கு வருத்தம் ஒன்றுதான். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்டுகள் போதவில்லை. திட்டம் எழுதிக் கையெழுத்தும் ஆன பிறகு, ஆள் கிடைக்காமல் ஒரு தாய் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும்போது, என்ன பதில் சொல்வதென்றே தெரியாது.

பேர், தெரு எதையும் வெளியே சொல்லக் கூடாது, அதனால் பேரில்லாமல் சொல்கிறேன். ஊரின் மேற்குப் பகுதியில் பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு துவண்டுதான் இருக்கும், தானாக உட்கார வராது. திட்டம் எழுதும்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தாயைக் கேட்டோம். நடக்க வேண்டும் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். போன் வழியாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "சாப்பிடும்போது பாயில் எங்களோடு உட்கார்ந்தால் போதும்." அப்படியே திட்டத்தில் எழுதினோம். வருகிற தெரபிஸ்ட் பொம்மைப் பை எதுவும் கொண்டு வருவதில்லை. அந்த வீட்டு அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பிள்ளைக்கு முன்னால் வைத்தார். கரண்டியை அவன் கையில் கொடுத்து, இடுப்பை எங்கே பிடிக்க வேண்டும் என்று தாய்க்குக் காட்டி, தன் கையை எடுத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வருகிறவரால் என்ன ஆகும், நாள் முழுக்கக் கூட இருக்கிறவளுக்கு அந்தப் பிடி தெரிந்தால்தானே. போன தடவை நான் போனபோது, தாயின் தொடையில் சாய்ந்தபடி பையன் பானையை ஒரு தட்டுத் தட்டினான். தட்டிவிட்டு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தான்.

அன்றைக்கு அவர்கள் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. தரையில் பாய், நடுவில் சோறு, சுற்றிலும் பிள்ளைகள். கையால் பிசைந்து சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை அம்மா. நம் வீட்டு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், நீ உருட்டிக் கையில் வைக்கிற அந்தக் கடைசி உருண்டையும் நினைப்பு வந்துவிட்டது. சாரல் சமயத்தில் திண்ணையில் உட்கார்ந்தால் முகத்தில் படுமே, அதற்கு இந்தப் பனியெல்லாம் ஈடாகாது. வர வேண்டும் போலத்தான் இருக்கிறது. எப்போது என்று இப்போது சொல்ல முடியவில்லை.

சரி, குமரன் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கோமதியையும் தம்பியையும் வைத்துக்கொண்டு அப்பாவை வாசிக்கச் சொல்.

ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவி விளம்பரப் பாட்டுக்கு மட்டும் ஓடி வருகிறான் என்று எழுதியிருக்கிறாய். முருகேசனும் மூன்று வயதில்தான் பேசினான், இவனும் பேசிவிடுவான் என்கிறாய். தானாகப் பேசிய பிள்ளைகள் உண்டுதான். எது தானாகப் பேசும், எது பேசாது என்று வீட்டில் இருந்தபடி நம்மால் சொல்ல முடியாது. ஒன்றுமில்லை என்று தெரிந்தால் போனது ஒரு பகல். ஏதாவது இருந்தால், சும்மா காத்திருந்த மாதங்கள் திரும்ப வராது. முதல் மூன்று வருடத்தில் மூளை வளர்கிற வேகம் அப்புறம் கிடையாது, அதனால்தான் இங்கே இத்தனை சட்டம் போட்டு ஓடுகிறோம்.

முதலில் காது. பாட்டுக்கு ஓடி வருகிறான் என்பதால் காது சரி என்று முடிவு செய்யாதே. சில சத்தம் மட்டும் கேட்காமல் போகலாம், உள்ளே நீர் கோத்திருந்தாலும் மந்தமாகும். திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்யலாம். அப்புறம் ஆய்க்குடி. நான் இங்கே பார்க்கிற வேலையை நம் ஊருக்குப் பக்கத்திலேயே பார்க்கிறார்கள். அமர் சேவா சங்கத்தை அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்? 1981இல் ராமகிருஷ்ணன் அய்யா தொடங்கியது. கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர், 2020இல் பத்மஸ்ரீ வாங்கியவர். சின்னப் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஆள் வைத்து, கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். தென்காசி வந்து பஸ் மாறினால் போய்விடலாம். இது போக, 2013இலிருந்து அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை அரசாங்க டாக்டர் வந்து பிள்ளைகளைப் பார்க்கிற திட்டம் இருக்கிறது. அடுத்து எப்போது வருவார்கள் என்று டீச்சரிடம் கேட்டுவை.

வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதை விட்டுவிடு. இலஞ்சி குமாரருக்கு நேர்ந்தது அப்படியே இருக்கட்டும், அதையும் செய்வோம், இதையும் செய்வோம்.

கோமதி செல்போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவள், யாரும் சொல்லாமலே தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள். தினம் தினம் அந்த முகங்களைப் பார்க்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் போன் வேண்டாம், அவ்வளவுதான். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்து, கையில் இருப்பதன் பேரைச் சொல்லி, கொஞ்சம் பொறுங்கள். அவன் பார்க்கட்டும், கை நீட்டட்டும். விரலால் சுட்டிக் காட்டினாலும் அது பேச்சுதான். உடனே கொடுங்கள்.

தம்பிக்கு: என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நீ சொல்வாய். இருக்கட்டும். அதை அங்கே இருக்கிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கடையை ஒரு நாள் அப்பா பார்த்துக்கொள்வார். நீயும் கோமதியும் சேர்ந்து போக வேண்டும், அவளை மட்டும் தனியாக அனுப்பாதே. தடுப்பூசி அட்டை, பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆதார் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. எந்த மாதம் கவிழ்ந்தான், தவழ்ந்தான், நடந்தான் என்று கோமதி ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும், கட்டாயம் கேட்பார்கள். ஊருக்கு என்ன சொல்வது என்று யோசிக்காதே. சித்தப்பா வீட்டில் கேட்டால் காது காட்டப் போனோம் என்று சொல்.

இதற்காகக் குளத்தங்கரை வயலை ஒத்திக்கு வைக்கலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம். போய்ப் பார்த்தபின் என்ன செலவு என்று எழுதுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதம் மட்டும் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், அதைப் பெரிதாக நினைக்காதே. அடுப்படி ஓட்டை சித்திரைக்குள் மாற்றிவிடுங்கள், கொத்தனாருக்கு முன்பணம் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு என் பேரில் ஆயிரத்தொன்று மொய் எழுது, மீதியை நான் நேரில் வரும்போது செய்கிறேன். அப்பா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாரா என்று எழுதவே இல்லையே.

ஆய்க்குடிக்குப் போய் வந்த அன்றைக்கே கோமதியை எனக்கு வாட்ஸ்அப்பில் பேசச் சொல். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
செல்வி