கட்டியை எடுத்த பிறகும் கீமோ ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வருடம் எங்கள் ஐயனுக்கு இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தது. பார்க்க வந்த சொந்தபந்தமெல்லாம் "கட்டியைத்தான் எடுத்தாச்சுங்களே, அப்புறம் எதுக்குக் கீமோ, ஒடம்பு தாங்காதுங்க" என்று சொல்லிச் சொல்லி, அவரும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கேனில் தெரியாத புற்றுநோய் செல்கள் உடம்பில் தங்கியிருக்கலாம், நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கத்தான் கீமோ என்று டாக்டர் சொன்ன பிறகே சம்மதித்தார். ஆக்சாலிபிளாட்டின் ஊசி 3 வாரத்துக்கு ஒருமுறை, கூடவே கேப்சிடபின் மாத்திரை 14 நாள், அப்புறம் 1 வாரம் ஓய்வு. இப்படி 8 சுற்று, கிட்டத்தட்ட 6 மாதம். அந்த ஊசி போட்டால் குளிர்ச்சி ஆகாது, மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டாலே விரல் சுள்ளென்று இழுக்கும், இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டதால் பயப்படவில்லை. இரைப்பை ஆபரேஷன் ஆனதால் ராகிக் கூழைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக 6 வேளை குடித்தார். இரைப்பையை முழுதாக எடுத்தவர்களுக்கு வைட்டமின் பி12 ஊசியும் வாழ்நாள் முழுக்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் கோபியிலிருந்து கோவைக்கு பஸ்ஸில் போய்வந்ததுதான் அவரை ரொம்பவே வாட்டியது. தாலுகா ஆஸ்பத்திரிகளிலேயே ரத்தப் பரிசோதனையாவது முடித்து அனுப்ப அரசு வழி செய்ய வேண்டும், நீங்களும் இதைப் பற்றி எழுதுங்கள்.

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்