சோற்றுருண்டை கடல் கடந்த கதை

அன்புள்ள சங்கரலிங்கம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ‘அனிமே’ என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களை உன் மகள் இரவு வெகுநேரம் பார்க்கிறாள் என்றும், அங்கே ஒளிபரப்பான அன்றே அவை இங்கே எப்படி வந்துவிடுகின்றன என்றும் கேட்டிருந்தாய். என் மகனோடு உட்கார்ந்து பல ஆண்டுகளாக அவற்றைப் பார்த்து வருகிறேன். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1963 ஜனவரி 1 அன்று படக்கதைக் கலைஞர் ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடர் ஜப்பானில் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் அதை வாங்கி, ஆங்கிலக் குரல் கொடுத்து, பல ஊர்களின் நிலையங்களுக்கு விற்றது. ஜப்பானில் வந்தவை 193 பகுதிகள். ஆங்கிலத்தில் வந்தவை 104 மட்டுமே. படத்தை வாங்கி, அது பிறந்த ஊரின் அடையாளத்தை முடிந்தவரை துடைத்துவிட்டு ஒளிபரப்பும் வழக்கம் அப்போது தொடங்கி நெடுங்காலம் நீடித்தது.

‘மேக்ராஸ்’ என்ற ஜப்பானியத் தொடருக்கு நேர்ந்ததைக் கேள். அமெரிக்காவில் வார நாள்தோறும் ஒளிபரப்ப வேண்டுமானால் ஒரு தொடரில் 65 பகுதிகளாவது இருக்க வேண்டும். மேக்ராஸில் இருந்தவையோ 36. ஆகவே கார்ல் மேசெக் என்பவர், அதனோடு தொடர்பே இல்லாத வேறு இரு தொடர்களை ஒட்டி, வசனங்களை மாற்றி, மூன்று தலைமுறைகளின் கதையாக்கி, 1985இல் ‘ரோபோடெக்’ என்று 85 பகுதிகளாக வெளியிட்டார். எத்தனையோ சிறுவர்களுக்கு அதுவே முதல் வாசலாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை; இருந்தும், மூன்று படைப்புகள் தத்தம் முகத்தை இழந்ததை நினைத்தால் மனம் வருந்துகிறது.

‘போகிமான்’ 1998இல் அமெரிக்கா சென்றது. அதில் ஒரு காட்சியை நானும் மகனும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். முக்கோணமாகப் பிடித்த வெள்ளைச் சோறு, அடியில் கறுப்பாகக் கடற்பாசித் தாள். ஜப்பானியர் ‘ஒனிகிரி’ என்பார்கள். கண்ணெதிரே சோறு தெரிய, ஆங்கிலக் குரலோ அதை ஜெல்லி வைத்த டோநட் என்கிறது. பின்னாளில் வேறொரு பகுதியில் சோற்றுருண்டையை அழித்துச் சாண்ட்விச்சே வரைந்துவிட்டார்கள். பிறர் சோற்றைச் சோறு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது என்று பெரியவர்கள் ஏன் முடிவு செய்தார்களோ!

இந்த நிலையை மாற்றியவர்கள் ரசிகர்கள்தாம். வீட்டுக் கணினியில், படத்தின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை ஏற்றி, வெற்று வீடியோ கேசட்டும் தபால் செலவும் அனுப்பியவர்களுக்குப் படியெடுத்துக் கொடுத்தார்கள். விற்பதில்லை என்பதும், உரிமம் பெற்ற பதிப்பு வந்தால் நிறுத்திவிடுவது என்பதும் அவர்களில் பலர் காத்த நெறி. 2006இல் தோன்றிய கிரஞ்சிரோல்கூட, உரிமமில்லாமல் ரசிகர்கள் ஏற்றிய படங்களோடு தொடங்கிய இணையத்தளம்தான். 2009 ஜனவரியில் அது டிவி டோக்கியோ என்ற ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, ‘நருட்டோ ஷிப்புடென்’ தொடரை ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு மணி நேரத்துக்குள் சந்தாதாரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2021இல் சோனி அந்தத் தளத்தை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது.

உன் கேள்விக்கு விடை இதுதான்: ஒளிபரப்புக்கு முன்பே வசனப் பிரதியும் படமும் மொழிபெயர்ப்பாளர் கைக்குச் சென்றுவிடுகின்றன. குரல் பதிவுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால், பிறமொழிக் குரல்கள் பெரும்பாலும் பின்னால் வருகின்றன. சில தொடர்கள் இப்போது தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. குறுகிய கெடுவுக்குள் வேலை செய்யும் அந்த மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ‘ஒனிகிரி’யை ‘ஒனிகிரி’ என்றே எழுதும் துணிவு அவர்களுக்கு இருக்கிறது.

உன் மகளை ஒரு பகுதியையாவது ஜப்பானியக் குரலில் பார்க்கச் சொல்; நீயும் பக்கத்தில் உட்கார். கண்ணுக்குச் சிரமம் கூடாது, ஆகவே வரிகளை அவளே வாசித்துக் காட்டட்டும். என்ன தொடர் என்பதை அடுத்த கடிதத்தில் மறவாமல் எழுது.

அன்புடன்,
வேலாயுதம்