எழிலோட அத்தைக்கு

அக்கா,

நீ என் நம்பர பிளாக் பண்ணி பதினோரு மாசம் ஆச்சு, அதனாலதான் பிளாக்ல எழுதுறேன். (சிரிச்சிட்டல்ல. எனக்கு தெரியும்.)

நேத்து பாப்பாவோட பேர பதிஞ்சுட்டேன். இத்தன நாளும் அவ பர்த் சர்டிபிகேட்ல பேர் இருக்க வேண்டிய இடம் காலியாவே கெடந்துச்சு. பொறந்து 12 மாசத்துக்குள்ள சேத்தா ஃபீஸ் கிடையாது, அப்புறம்னா லேட் ஃபீஸ் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம், ஆனா ஒரு தடவ ஏத்திட்டா மாத்துறது லேசுப்பட்ட வேலை இல்லன்னு எல்லாரும் பயமுறுத்துனதுல நான் இழுத்துக்கிட்டே இருந்தேன். வர்ற 19ஆம் தேதி அவளுக்கு ஒரு வயசு முடியுது. இனிமே இழுக்க முடியாதுன்னு லீவு போட்டுட்டு போனேன்.

ஈ, இசட், எச், ஐ, எல். அதான் ஸ்பெல்லிங்.

"அவன் புடிச்ச முயலுக்கு மூணே கால்"னு நீ அத்தான்கிட்ட சொல்றது இங்க வரைக்கும் கேக்குது. கொஞ்சம் பொறு.

அம்மா போனப்புறம் அந்த ஒம்போது மாசம் நீ எங்கெங்க அலைஞ்சேன்னு உனக்கே நான் எழுதிக் காட்ட வேண்டியதில்ல. அந்த 20 ரூபா பத்திரத்தோட ஃபோட்டோ மட்டும் இன்னும் என் ஃபோன்ல இருக்கு. ஆதார்ல இசட் எச், ரேஷன் கார்டுல எல், பாஸ்புக்ல எச் இல்லாம வெறும் இசட். எழிலரசி என்கிற எழிலரசி என்கிற எழிலரசி, மூணு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரி சீல். தமிழ்ல அம்மா போட்ட கையெழுத்து கடைசி வரைக்கும் மாறவே இல்ல, அத யாரும் கேக்கவும் இல்ல. நான் தோஹால உக்காந்துக்கிட்டு "ஒரு எழுத்துக்கு என்ன இவ்ளோ நாள்"னு உன்கிட்டயே கேட்டேன். தப்புதான். ஆனா அப்ப எனக்கு லீவு கெடைக்கல, டிக்கெட் கெடைக்கல, ஆஸ்பத்திரி பில்லுக்கு பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீயும் யார்கிட்டயும் சொன்னதா தெரியல. விடு, சித்தப்பா இத படிப்பாரு, மேல எழுதுனா நாளைக்கு காலைல எனக்கு ஃபோன் வரும்.

அந்த அலைச்சல்லதான் நீ "ழ வேணாம்டா, நிலான்னு வைடா, எந்த கிளார்க்கும் தப்பா அடிக்க மாட்டான்"னு சொன்ன. எனக்கு என்னமோ அம்மா பேர அழிக்கச் சொல்ற மாதிரி கேட்டுச்சு. இப்ப யோசிச்சா நீ சொன்னதுல நியாயம் இருக்கு. கவர்மெண்டே 2020ல, ஊர் பேர தமிழ்ல சொல்ற மாதிரியே இங்கிலீஷ்ல எழுதணும்னு 1018 ஊருக்கு ஸ்பெல்லிங் மாத்தி, கோயம்புத்தூர் ஸ்பெல்லிங்க பாத்து ஊரே சிரிச்சு, கொஞ்ச நாள்லயே வாபஸ் வாங்குச்சு. என்கூட தோஹால இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ழவுக்கு எல்தான் போடுவார், அவங்க பக்கம் அதான் பழக்கம். வடக்கத்திக்காரன் இசட் எச்ச பாத்தா எஜில்னு வாசிக்கிறான். ஒருத்தனுக்கும் ஒழுங்கா வரல. இதுல மாமனார் வேற பேப்பரும் பேனாவுமா கூட்டிப் பாத்துட்டு 21 வருது, பிரமாதம், எச்ச எடுத்துட்டா 16 ஆயிடும், தொடவே கூடாதுன்னுட்டார். கார்த்திகை நட்சத்திரத்துக்கு அ, இ, உ, எ தான், அதுனால எழில்னா மாமியாருக்கும் சந்தோஷம். எல்லாருக்கும் சந்தோஷம், உன்ன தவிர.

இருந்தும் நீ வந்த. பதினாறாம் நாள் காலைல மொத பஸ் புடிச்சு கும்பகோணம் வந்து எறங்குன, பையில அம்மாவோட அந்த பச்ச நூல் புடவை. தூளி நீதான் கட்டுன. அவங்க வீட்ல புதுசா ஸ்டாண்டு தொட்டில் வாங்கி ஜிகினா எல்லாம் சுத்தி வெச்சிருந்தாங்க, நீ அத திரும்பிக்கூட பாக்கல, அப்பவே என் மாமியார் மொகம் ஒரு மாதிரி ஆச்சு (அவங்களும் படிக்கலாம், அதனால இதோட நிறுத்திக்கிறேன்). அப்புறம் அத்தை பேர் சொல்லணும்னு யாரோ சொன்னாங்க. நீ பாப்பாவ மடில வெச்சு நாக்குல சக்கரத் தண்ணி தொட்டு வெச்சுட்டு காதுகிட்ட குனிஞ்ச. நான் பக்கத்துலயே நின்னேன். எழில்னு ஒரு தடவ சொன்ன. இன்னொரு தடவ எழில்னு சொன்ன. மூணாவது தடவ "எலி"ன்ன.

சத்தமாவே கேட்டுச்சு. அவங்க பக்கத்து சின்னப் பசங்க சிரிச்சாங்க, பெரியவங்களும் சிரிச்சாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், ழ வராத ஒரு தம்பி அம்மாவ எலின்னு கூப்ட ஆரம்பிச்சு, தல நரச்சப்புறமும் "எலி இருக்காளா"ன்னுதான் மாமா நம்ம வீட்டுக்குள்ள நுழைவார்னு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த நிமிஷம் எனக்கு வேற மாதிரிதான் பட்டுச்சு, "பாத்தியா, உன் ழவோட கதி இதான்"னு நீ அத்தன பேர் முன்னாடி எனக்கு காட்டுறேன்னு நெனச்சேன். அப்பதான் அத சொன்னேன். என்ன சொன்னேன்னு இங்க எழுத மாட்டேன், அத்தான் படிப்பார். அவர் அன்னைக்கு வாசல்ல நின்னாரு, கேட்டுதா கேக்கலையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நீ பாப்பாவ பதனமா என் கைல குடுத்துட்டு புடவைய சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்ச. எல போட்டு பாயசம் வரைக்கும் வெச்சிருந்துச்சு.

உன் தொண்ட கம்மிப் போய் அப்படி வந்துச்சா, வேணும்னே சொன்னியா, அம்மாவத்தான் கூப்ட்டியா? இத்தன மாசமா கேக்கணும்னு இருக்கு. எதுவா இருந்தாலும் நான் சொன்ன வார்த்த அதுக்கு பதில் இல்ல, எந்த ஊர்லயும் இல்ல. மன்னிச்சிரு. ஆனா நீயும் ஒரு தடவையாவது என்ன திட்டியிருக்கலாம்க்கா. வாய்க்கு வந்தபடி திட்டிட்டு உக்காந்து சாப்ட்டிருக்கலாம். பேசாமயே போறது உனக்கு சின்ன வயசுலேர்ந்து கை வந்த கலை.

பாப்பாவுக்கு கீழ ரெண்டு பல்லு மொளச்சிருக்கு. சார்ஜர் வயரு, என் செருப்பு, பேப்பர், கைல கெடச்சத எல்லாம் கடிக்கிறா. மாமியார் பேரச் சொல்லி, அதான் நம்ம அம்மா பேரச் சொல்லி, எப்படி திட்டுறதுன்னு என் வீட்டுக்காரிக்கு மொதல்லேர்ந்தே ஒரு சங்கடம், அதனால அம்மு, பாப்பு, குட்டிமான்னு மாத்தி மாத்தி பாத்தா, எதுக்கும் அது திரும்பல. போன மாசம் அரிசி பாக்கெட்ட ஓட்ட போட்டு தரையெல்லாம் எறச்சு வெச்சிருக்கு, இவ அடுப்படிலேர்ந்து ஓடி வந்து "அடி எலி!"ன்னா. அது திரும்பி பாத்து சிரிச்சுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. அன்னைலேர்ந்து வீட்ல அதான் பேரு. நான் மட்டும் இன்னும் அப்படி கூப்பிடல, வாய் வரைக்கும் வருது.

இனி ஆதார்லேர்ந்து ஸ்கூல் வரைக்கும் எல்லாத்துலயும் அதே அஞ்சு எழுத்துதான், ஒவ்வொண்ணையும் நானே நின்னு சரி பாத்துதான் வாங்குவேன். அவளுக்காக யாரும் பத்திரம் எழுத வேண்டி வராது.

19ஆம் தேதி பத்து மணிக்கு கேக் வெட்டுறோம். அம்மா நமக்கு மருந்து ஊத்துற அந்த வெள்ளிப் பாலாடைய நீ கேக்காமயே எடுத்துட்டு போனது எனக்கு இன்னும் உறுத்துதுக்கா. வந்தா எடுத்துட்டு வா. எலி இப்ப டம்ளர்லதான் குடிக்கிறா, அதுக்கு வேலை ஒண்ணும் இல்ல, ஆனாலும் எடுத்துட்டு வா. கூரியர்ல மட்டும் அனுப்பாத.

தம்பி