ஒரு வரித் தீர்ப்பும் மண்ணில் புதைத்த பெட்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த நீண்ட கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். போரின் போக்கைத் தெளிவாகச் சொன்ன அக்கட்டுரையில், யூதர்களை அடைத்து வைத்த நகர்ப் பகுதிகளான கெட்டோக்களை நிர்வகித்த யூத மன்றங்கள் நாஜிகளுக்குத் துணைபோயின என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்த வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அது முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மன்றங்கள் விட்டுச்சென்ற குறிப்பேடுகளில் ஒரு பக்கத்தையாவது புரட்டியவர் அப்படி ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போக முடியாது என்பதே என் வருத்தம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருந்து தீர்மானப் புத்தகம் எழுதியவன் நான். ஒரு நிர்வாகக் குழு நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று யாராவது கேட்டால், என் கை தானாகத் தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவுப் பேரேட்டையும்தான் தேடும். பணி ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில், ஐரோப்பிய யூத சமூக அமைப்புகளின் ஆவணங்கள் மொழிபெயர்ப்பில் கிடைத்தவரை வாங்கிப் படித்து வருகிறேன். அந்த வாசிப்பிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனி போலந்துக்குள் புகுந்த கையோடு, 1939 செப்டம்பர் 21ஆம் தேதி, ஒவ்வொரு யூத சமூகத்திலும் மூப்பர் மன்றம் ஒன்றை அமைக்க வேண்டும் என்று நாஜி பாதுகாப்புக் காவல் துறையின் தலைவர் ஹைட்ரிஷ் உத்தரவிட்டார். செல்வாக்குள்ள ஆண்கள், குருமார்கள் ஆகியோரிலிருந்து 24 பேர் வரை அதில் இருக்க வேண்டும். வரப்போகும் ஆணைகள் அனைத்தையும் நிறைவேற்றும் முழுப் பொறுப்பு அவர்களுடையது. தலைக்கணக்கு எடுப்பது, ரேஷன் அட்டை வழங்குவது, வேலைக்கு ஆள் அனுப்புவது, மருத்துவமனை நடத்துவது, பிணம் புதைப்பது என்று எல்லாம் அந்த மன்றத்தின் தலையில் விழுந்தன. ஆகவே காகிதங்கள் குவிந்தன. அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி மனிதர்களோடு சேர்ந்தே அழிந்தது. மிஞ்சியவையோ பெரும்பாலும் யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவை.

லித்துவேனியாவில் இன்று கவுனாஸ் என்று அழைக்கப்படும் கோவ்னோ நகரை எடுத்துக்கொள்வோம். 1941 ஆகஸ்ட் நடுவில் அங்கே கெட்டோவின் வாயிலை அடைத்தபோது உள்ளே ஏறத்தாழ 30,000 பேர் இருந்தார்கள். மன்றத்துக்குத் தலைவராக யாரும் முன்வராத நிலையில், எல்கானன் எல்கெஸ் என்ற மருத்துவரைக் கெஞ்சிக் கேட்டு அந்தப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். மன்றத்தின் செயலர் பணியில் இருந்தவர் அவ்ராஹாம் டோரி என்ற இளம் வழக்கறிஞர். ஜெர்மானியர் தந்த ஆணைகள், மன்றம் ஒட்டிய அறிவிப்புகள், கூட்டங்களில் நடந்த வாக்குவாதங்கள், தன் நாட்குறிப்பு என எல்லாவற்றையும் அவர் மறைவாகச் சேர்த்து வந்தார். எல்கெஸுக்கு அது தெரியும். அவருடைய ஊக்கமும் அதற்கு இருந்தது.

செப்டம்பர் மாதம் ஜெர்மானிய அதிகாரி யோர்டான் 5,000 சான்றிதழ்களை மன்றத்தின் கையில் கொடுத்து, கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் பங்கிடச் சொன்னார். அந்தச் சீட்டு இருந்தால்தான் உயிர் தப்பலாம் என்ற சேதி பரவியதும் மன்ற அலுவலகத்தின் முன் கூட்டம் முண்டியடித்தது. முப்பதாயிரம் பேருக்கு ஐயாயிரம் சீட்டுகள்! நானும் உரப் பங்கீட்டில் குறைவான மூட்டைகளை வைத்துக்கொண்டு நிறைய உறுப்பினர்களைச் சமாளித்திருக்கிறேன். அன்று பட்ட பாடே இன்னும் நினைவில் இருக்கிறது. உயிரையே சீட்டாக்கிப் பங்கிடச் சொன்னால் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான் என்று அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த மாதமே அதைவிடக் கொடியது வந்தது. அக்டோபர் 28ஆம் தேதி காலை ஆறு மணிக்கு, குழந்தைகள், நோயாளிகள் உட்பட கெட்டோவிலுள்ள அனைவரும் டெமோக்ரட் சதுக்கத்தில் திரள வேண்டும். அந்த ஆணையை மன்றமே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று நாஜி ரகசியக் காவல் துறையான கெஸ்டாபோவின் அதிகாரி ஹெல்முட் ரவுகா சொல்லிவிட்டுப் போனார். எதற்காக என்று அவர் சொன்ன காரணத்தை மன்றத்தில் யாரும் நம்பவில்லை. அறிவிப்பை ஒட்டினால் மக்களைச் சாவுக்கு அழைத்த பழி வரும். ஒட்டாவிட்டால் கெட்டோவையே கொளுத்திவிடுவார்களோ என்ற அச்சம். மன்றத்தார் பேசிப் பேசி முடிவுக்கு வர இயலாமல், 26ஆம் தேதி இரவு, படுத்த படுக்கையாக இருந்த முதிய தலைமை ரபி (யூத மதகுரு) அவ்ராஹாம் டோவ் பேர் கஹானா ஷாபிரோவின் வீட்டுக்குப் போனார்கள். செய்தியைக் கேட்டு ஆடிப்போன அவர், பழைய நூல்களில் இத்தகைய நேரத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க அவகாசம் கேட்டார். அந்த இரவு முழுவதும் ஏடுகளைப் புரட்டினார். அறிவிப்பதால் சிலரையாவது காப்பாற்ற முடியுமென்றால், மன்றத் தலைவர்கள் துணிந்து அந்தப் பொறுப்பை ஏற்று அறிவிக்க வேண்டும் என்பது அவர் கடைசியில் தந்த விடை. 27ஆம் தேதி அறிவிப்பு ஒட்டப்பட்டது.

மறுநாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ரவுகா கையசைத்து மக்களை இடமும் வலமுமாகப் பிரித்தார். சாவுக்கென்று ஒதுக்கப்பட்டவர்களிலிருந்து 100 பேரை மீட்டுக்கொள்ள எல்கெஸ் மன்றாடி அனுமதி வாங்கினார். அவர்களைத் தேடிப் போன இடத்தில் காவலர்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்து அவரையே சாய்த்தார்கள். அக்டோபர் 29ஆம் தேதி, கொலைக்களமாக இருந்த ஒன்பதாம் கோட்டை என்ற பழைய கோட்டையில் நடந்த கொலையை, கொன்றவர்களின் தலைவரான கார்ல் யேகர் தன் அறிக்கையில் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார்: ஆண்கள் 2,007, பெண்கள் 2,920, குழந்தைகள் 4,273, ஆக மொத்தம் 9,200. கூட்டல் பிசகவில்லை. யேகரின் அறிக்கை மட்டும் நமக்குக் கிடைத்து டோரியின் குறிப்பு கிடைக்காமல் போயிருந்தால், அந்த ரபியின் அறையில் விடிய விடிய எரிந்த விளக்கைப் பற்றி இன்று எவருக்கும் தெரிந்திராது. மன்றம் அறிவிப்பு ஒட்டியது என்ற உண்மை மட்டும் தனியாக நின்றிருக்கும். துணைபோனார்கள் என்ற ஒரு வரியும் அதன்மேல் எளிதாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

டோரி அந்த ஆவணங்களை ஐந்து பெட்டிகளில் அடைத்துக் கெட்டோவில் ஒரு கட்டடத்தின் அடியில் புதைத்தார். தம் சமூகத்தில் ஒருவரும் மிஞ்சாமல் போகலாம், தீர்ப்பு நாள் வரும்போது இவை சாட்சி சொல்லட்டும் என்ற பொருளில் ஓர் உயிலையும் எழுதி வைத்தார். 1944 மார்ச்சில் கெட்டோவிலிருந்து தப்பினார். விடுதலைக்குப் பின் திரும்பி வந்தபோது கெட்டோ எரிந்து சாம்பலாகியிருந்தது. இடிபாடுகளைத் தோண்டி மூன்று பெட்டிகளை மட்டுமே அவரால் மீட்க முடிந்தது. எல்கெஸோ ஜெர்மனியின் டாஹாவ் வதை முகாமைச் சேர்ந்த துணை முகாம் ஒன்றில் இறந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, நாஜி ஆக்கிரமிப்பின்போது அந்நகரின் மேயராக இருந்த காசிஸ் பால்சியாவ்ஸ்கிஸ் என்பவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று வாழ்ந்துவந்தது தெரியவந்து 1980களில் வழக்கு நடந்தபோது, இந்த நாட்குறிப்பு சான்றாக நீதிமன்றம் ஏறியது. அவர் குடியுரிமையை இழந்தார். ஒரு குழுவின் செயலர் எழுதி வைத்த குறிப்பு நாற்பது ஆண்டு கழித்துக் கடல் தாண்டிச் சாட்சி சொல்லியிருக்கிறது.

மன்றங்களை வெள்ளையடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அதே ஆவணங்கள்தான் மன்றங்களின் குற்றங்களையும் காட்டிக்கொடுக்கின்றன. போலந்தின் வார்சாவில் மன்றம் ரேஷன் அட்டைக்கு விதித்த வரி, பட்டினி கிடந்தவனையும் கையில் பணம் வைத்திருந்தவனையும் ஒரே தட்டில் வைத்தது. அங்கே வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்புளும் மறைவாகத் திரட்டிய ஆவணத் தொகுதியில் அதைப் பற்றிய கடுமையான கண்டனங்கள் இருக்கின்றன. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்து வைத்த அந்தத் தொகுதியில் ஒரு பகுதி 1946இலும் மற்றொன்று 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. அதே வார்சா மன்றத்தின் தலைவர் ஆதாம் செர்னியாகூவ், யூதர்களைக் கொலை முகாமுக்கு நாடுகடத்தும் ஆணை வந்த மறுநாள், 1942 ஜூலை 23ஆம் தேதி, நஞ்சருந்தி உயிரை விட்டார். அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்பும் மிஞ்சியிருக்கிறது. போலந்தின் இன்னொரு நகரான லோட்ஸின் மன்றத் தலைவர் ரும்கோவ்ஸ்கி, 1942 செப்டம்பர் 4ஆம் தேதி கூட்டத்தின் முன் நின்று ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப் பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். அடுத்த சில நாட்களில் 15,000 பேருக்கு மேல் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கோவ்னோவின் எல்கெஸும் இவர்கள் இருவரும் ஒரே பெயர்கொண்ட பதவியில் இருந்தவர்கள். மூவரையும் ஒரே வரியில் அடக்க என் மனம் ஒப்பவில்லை.

லோட்ஸில் மன்றத்துக்குள்ளேயே 1940 நவம்பரில் ஓர் ஆவணப் பிரிவு திறக்கப்பட்டது. அங்கே 1941 ஜனவரி முதல் 1944 ஜூலை வரை தினக்குறிப்பு எழுதப்பட்டு வந்தது. என்றைக்கு வேண்டுமானாலும் ஜெர்மானியர் கதவைத் திறந்துகொண்டு வரலாம் என்பதால் அதை எழுதியவர்கள் சொல்லை எண்ணி எண்ணி எழுதினார்கள். தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகியவர்களுக்கு இது புரியும்: எழுதியதைப் படிப்பதோடு வேலை முடிந்துவிடாது, எங்கே எழுத்து திடீரென்று வறண்டு போகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கெட்டோவில் அஞ்சல்காரராக இருந்த நாஹ்மன் சோனாபெண்ட் அந்த ஆவணங்களில் பெரும்பகுதியை ஒளித்து வைத்ததால்தான் இன்று அவற்றைப் படிக்க முடிகிறது.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் கதை வேறு விதமானது. அங்கே யூத சமூக அமைப்பின் அலுவலகத்தை நாஜிகள் 1938 மார்ச் 18ஆம் தேதி மூடி, தலைவர் டெசிடர் ஃப்ரீட்மான் முதலானோரைக் கைது செய்து, மே மாதம் நாஜி அதிகாரி ஐக்மானின் பிடிக்குள் அதை மீண்டும் திறந்தார்கள். நாட்டை விட்டு வெளியேற விரும்பிய குடும்பத் தலைவர்கள் அங்கே ஒரு வினாத்தாளை நிரப்பித் தர வேண்டியிருந்தது. என்ன தொழில், புதிதாக ஏதாவது தொழில் கற்றதுண்டா, என்னென்ன மொழிகள் தெரியும், வெளிநாட்டில் உறவினர் யார், கையில் எவ்வளவு பணம், எந்த நாட்டுக்குப் போக விருப்பம் என்று அதில் கேள்விகள். ஒரு நகரத்து மக்கள் தாங்கள் யார் என்பதைத் தங்கள் கையாலேயே எழுதி வைத்த பட்டியல் அது. 2000ஆம் ஆண்டு, அந்த அமைப்புக்குச் சொந்தமான கட்டடத்தில், ஆளில்லாத ஒரு குடியிருப்பின் கதவைத் திறந்தபோது, சுமார் 800 பெட்டிகளில் 5 லட்சம் பக்கங்கள் தூசும் பூஞ்சையுமாகக் கிடந்தன. அதற்குப் பின்னரே அவை துடைத்து வரிசைப்படுத்தப்பட்டு, வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்தின் உதவியோடு நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுக்கப்பட்டன. பறிக்கப்பட்ட சொத்துக்கு இழப்பீடு கேட்டவர்களுக்கும், உறவினர் என்ன ஆனார் என்று தேடியவர்களுக்கும் அவை கை கொடுத்தன. போருக்குப் பின் வியன்னாவிலிருந்து எருசலேமுக்கு அனுப்பப்பட்ட பழைய ஆவணங்களை வியன்னா அமைப்பு திரும்பக் கேட்டதும், இஸ்ரேல் நீதிமன்றங்கள் அதை மறுத்ததும் தனிக் கதை. அசல் எந்த ஊரில் இருந்தாலும் படி எல்லோர் கண்ணுக்கும் எட்ட வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அந்தக் கட்டுரை தங்கள் இணையப் பதிப்பில் இன்னும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கட்டுரைப் போட்டிக்கு அதைப் பார்த்து எழுதுவார்கள். குறைந்தபட்சம் அந்த வரியின் கீழ், மன்றங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன என்றும், அவற்றின் குறிப்பேடுகள் பல இன்றும் படிக்கக் கிடைக்கின்றன என்றும் ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும். இடம் இருந்தால், 1990இல் ஆங்கிலத்தில் வெளிவந்த டோரியின் நாட்குறிப்பிலிருந்து, 1941 அக்டோபர் 26 முதல் 29 வரையிலான நாட்களுக்கு உரிய பக்கங்களை முறையாக அனுமதி பெற்றுத் தமிழில் வெளியிடுங்கள். தட்டச்சு செய்வதோ மெய்ப்புப் பார்ப்பதோ எதுவானாலும், என்னால் ஆன வேலையைச் செய்து தரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
மன்னார்குடி