புதிய அதிபர் தம்பிக்கு: நேரசூசியில் கை வையுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

கொட்டாஞ்சேனைப் பக்கம் அதிபராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மெத்தச் சந்தோஷம்.

ஆறாம் தரத்துப் புதுப் பாடத்திட்டம் 2027க்குத் தள்ளிப்போனதும் உங்கள் ஆசிரியர் அறையில் பலர் பெருமூச்சு விட்டிருப்பார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள். சீர்திருத்தம் எங்களுக்குப் புதிதா என்ன? 1972இல் வந்தது, 1977 ஆட்சி மாற்றத்தோடு போனது. 1999இல் முதலாம் தரத்துக்குச் செயற்பாட்டு முறை வந்தது. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம், அதாவது பிள்ளை எதைச் செய்யத் தெரிந்துகொள்கிறது என்பதை மையமாக வைத்த பாடத்திட்டம்.

அந்த 2007 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செயலமர்வுக்குப் போய் வந்தவர்கள் ஆசிரியர் வழிகாட்டியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பழையபடி கரும்பலகையில் குறிப்பு எழுதினார்கள். பிள்ளைகள் கொப்பியில் பார்த்தெழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே மண்டபத்தைப் பலகைத் தட்டியால் மறித்து மூன்று வகுப்பு. நாற்பது பிள்ளைகளைக் குழுவாக்கிப் பேசவிட்டால், தட்டிக்கு அந்தப் பக்கம் கணக்குப் படிப்பிக்கிற சேர் வாசலில் வந்து நிற்பார்.

மண்டபத்தை உங்களால் இடித்துக் கட்ட முடியாது. நேரசூசி உங்கள் கையில் இருக்கிறது. ஒரு தரத்துக்கு ஒரே பாடம் எடுக்கிறவர்களுக்குக் கிழமையில் ஒரு பாடவேளையாவது சேர்ந்தாற்போல் ஓய்வு கொடுங்கள். புதுப் பாடத்திட்டத்தில் வரப்போகிற பாடத் தொகுதிகளில் (மொட்யூல்) ஒன்றை எடுத்து, எதைச் செய்யலாம், எந்தச் செயற்பாடு நம் வகுப்பறைக்குச் சரிவராது, அதற்குப் பதில் என்ன என்று அவர்களே பேசட்டும். கல்வி அமைச்சு இருக்கிற இசுருபாயவிலிருந்து வரும் சுற்றறிக்கை இதைச் செய்து தராது. யாராவது லீவு போட்டால் ‘ரிலீஃப்’ என்று முதலில் பறிபோவது இந்தப் பாடவேளைதான், பறிக்க விடாதீர்கள். முடிந்தால் நீங்களும் போய் ஒரு கதிரையில் இருங்கள், ஆனால் தலைமை தாங்காதீர்கள்! அதிபர் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிவிடுவார்கள்.

பெற்றோர் வேறு கதை. செட்டியார் தெருக் கடையை அரை நாள் விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருகிற தகப்பன் “சா/த (சாதாரண தரப் பரீட்சை) பாஸாகுமா?” என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. வகுப்பில் போடுகிற கணிப்பீட்டுப் புள்ளி பரீட்சையோடு எப்படிச் சேரும் என்று முதல் கூட்டத்திலேயே விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் டியூஷன் வாத்தியார் விளக்குவார்.

உங்கள் பாடசாலையில் நேரசூசி போடுகிறவர் யார் என்று பாருங்கள். எங்கள் காலத்தில் எப்போதும் கணக்கு சேர்தான். நாளைக்கே அவரைக் கூப்பிட்டு ஒரு தேநீர் கொடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பிரதி அதிபர் அக்கா,
வெள்ளவத்தை