குளக்கரையே பூங்காவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெல்டாவில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று கேட்டால் கல்லணை, முக்கொம்பு, தஞ்சை சிவகங்கைப் பூங்கா என்று சொல்லிவிடுகிறோம். முக்கொம்பில் 1836இல் கட்டிய மேலணையை ஒட்டி நல்ல நிழல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து அங்கே போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும்; பஸ் செலவு வேறு.

எங்கள் ஊர்ச் சிறுவர் பூங்காவில் ஊஞ்சலுக்குச் சங்கிலி மட்டும்தான் தொங்குகிறது, பலகை இல்லை. சறுக்குமரத்தின் தகடு பெயர்ந்து, குழந்தையின் தொடையைக் கிழிக்கும்படி நீட்டிக்கொண்டிருக்கிறது. வெல்டிங்காரர் வந்தால் அரை நாள் வேலை. விளக்கும் எரிவதில்லை, இருட்டிவிட்டால் பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

புதிதாக இடம் தேட வேண்டாம். ஊருக்கு ஊர் குளக்கரை இருக்கிறது. ஆக்கிரமிப்பை எடுத்துவிட்டு, புங்கனும் பூவரசும் நட்டு, நாலு பெஞ்சு போடலாம். அப்புறம், படித்துறையில் ஆழத்தைக் குறிக்கும் எச்சரிக்கைப் பலகை கட்டாயம் வேண்டும். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்ததும் பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான். வழக்கமாக அணை திறக்கும் நாளான ஜூன் 12க்கு முன்பே இந்தப் பலகைகளையாவது வைத்துவிடுங்கள்.

- வாசகர், திருத்துறைப்பூண்டி வட்டம்